கீழ் வீட்டு அக்காவுக்கு நான் கொடுத்த மாத்திரை

மூணு வருஷத்துக்கு முன்னாடி, பொங்கல் லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்த வாரம் அது. கிழக்கு தாம்பரத்துல, கேம்ப் ரோட்டுலேர்ந்து உள்ளே போற ஒரு தெருவுல, மாடி வீட்டுல நாங்க வாடகைக்கு இருக்கோம். வெளியே பனி கொட்டுது. என் வீட்டுக்காரர் காதை மூடி மஃப்ளர் கட்டிக்கிட்டு ட்ரெயினுக்குக் கிளம்புறார். நான் ஃபேனை அஞ்சுல வச்சுட்டு, அதுக்கு நேர் கீழே நின்னு, கட்டின புடவை நனைய வேர்த்துக் கொட்டிக்கிட்டு இருக்கேன். அதுக்கு ஆறு வாரம் முன்னாடிதான் எனக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. கர்ப்பப்பையையும் ரெண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்துட்டாங்க. எனக்கு அப்போ நாற்பத்தி மூணு வயசு.

இங்கேயே ஒண்ணு சொல்லிடறேன். நான் ஒரு சந்தேகப் பிராணி. அதை ஒத்துக்கிறதுல எனக்கு வெட்கமே இல்லை. இருபது வருஷமா கணக்கு டீச்சர். பரீட்சை ஹால்ல எவளாவது தும்மினாக்கூட கைக்குட்டைக்குள்ளே பிட்டு இருக்கான்னு போய்ப் பார்ப்பேன். காய்கறிக்காரர் தராசு, ஆட்டோக்காரர் சொல்ற வழி, சொந்தக்காரங்க விசாரிக்கிற நலம், எதையும் நான் அப்படியே எடுத்துக்கிட்டது கிடையாது. "உனக்கு போலீஸ் வேலை கிடைச்சிருக்கணும்"னு என் வீட்டுக்காரர் சொல்வார்.

ஆபரேஷன் விஷயத்துலயும் அப்படித்தான். கர்ப்பப்பையில பெரிய பெரிய கட்டி, சினைப்பையில நீர்க்கட்டி, மாசத்துல பாதி நாள் ரத்தப்போக்கு, உடம்புல ரத்தமே இல்லை. எடுத்துத்தான் ஆகணும்னு தாம்பரத்துல ஒரு டாக்டர் சொன்னாங்க. ஆபரேஷன் பண்ணினாத்தானே அவங்களுக்கு லாபம்னு நினைச்சு குரோம்பேட்டையில ஒருத்தரைப் பார்த்தேன். மேடவாக்கத்துல இன்னொருத்தரைப் பார்த்தேன். மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க. மூணு பேரும் ஒரே காலேஜ்ல படிச்சவங்களா இருப்பாங்களோன்னு அதுக்கும் ஒரு சந்தேகம்.

ஆபரேஷன் முடிஞ்சதும் எடுத்ததை ஒரு ட்ரேயில வச்சு வெளியே நிக்கிறவங்ககிட்ட காட்டுவாங்க இல்லையா, என் வீட்டுக்காரர்கிட்டயும் காட்டியிருக்காங்க. மயக்கம் தெளிஞ்சதும் நான் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு சினைப்பையும் இருந்துச்சா, எண்ணிப் பார்த்தீங்களா?" பாவம் மனுஷன், ரத்தம் பார்த்தாலே தலை சுத்துற ஆளு. "பார்த்தேன், பார்த்தேன்"னார். கண்ணை மூடிக்கிட்டுத்தான் பார்த்திருப்பார்னு எனக்குத் தெரியும். அதுக்கே நான் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசலை.

வீட்டுக்கு வந்த மூணாவது வாரத்துலேர்ந்து ஆரம்பிச்சது. திடீர்னு மார்புலேர்ந்து ஒரு சூடு கிளம்பி கழுத்து, காது, தலை வரைக்கும் ஏறும். அடுத்த நிமிஷம் வேர்வை. அதுக்கடுத்த நிமிஷம் குளிர். ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு தடவை. தூக்கம் சுத்தமா போச்சு. ஃபேன் குளிர் தாங்கலைன்னு என் வீட்டுக்காரர் படுக்கையை ஹாலுக்கு மாத்திக்கிட்டார். உடனே எனக்குத் தோணினது என்ன தெரியுமா? உள்ளே ஒண்ணும் இல்லாத பொம்பளைதானே, அதான் ஒதுக்குறார்னு. அதை வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். ஒரு நாள் இல்லை, பல நாள்.

திரும்ப டாக்டர்கிட்ட போனேன். தாம்பரத்து டாக்டர்தான், என்னைவிட ரெண்டு மூணு வயசு பெரியவங்களா இருப்பாங்க. வெளியே வெயிட்டிங் ஹால்ல கறுப்புப் பையோட ஒரு மருந்துக் கம்பெனி ரெப் உட்கார்ந்திருந்தார். எனக்கு மூக்கு வேர்த்துடுச்சு. உள்ளே போனா, டேபிள் மேல பேனா ஸ்டாண்டு, அதுல ஒரு கம்பெனி பேரு. சுவத்துல காலண்டர், அதுல இன்னொரு கம்பெனி பேரு. டாக்டர் ரொம்பப் பொறுமையாத்தான் பேசினாங்க. சினைப்பையை எடுத்ததால உடம்புக்கு ஹார்மோன் வர்றது ஒரே நாள்ல நின்னுபோச்சு, அதான் இத்தனை கஷ்டம், இந்த வயசுல எலும்புக்கும் அது வேணும், ஒரு ஹார்மோன் மாத்திரை தர்றேன்னு சொன்னாங்க. மார்பு பரிசோதனை பண்ணினாங்க, குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருந்ததா, கால்ல ரத்தம் கட்டியிருக்கான்னெல்லாம் கேட்டாங்க. அப்புறமும் ஏதோ விளக்கமா சொன்னாங்க. நான் எங்கே கவனிச்சேன்? அவங்க சீட்டுல எழுதுற மாத்திரை, அந்தப் பேனா ஸ்டாண்டுல இருக்கிற கம்பெனியோடதான்னு எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

மாத்திரையை வாங்கிட்டு வந்தேனே தவிர, போடலை. எங்க நகர் பெண்கள் வாட்ஸ்அப் குரூப்புல, பேர் சொல்லாம, "ஹார்மோன் மாத்திரை போடலாமா?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான். கேன்சர் வரும், குண்டாயிடுவீங்க, மீசை முளைக்கும், வெந்தயம் ஊற வச்சுக் குடிங்கன்னு வந்து குவிஞ்சது. அட்டையை அப்படியே சமையலறையில புளி ஜாடிக்குப் பின்னாடி வச்சுட்டேன். மூணு வாரம் வெந்தயம் குடிச்சேன். வேர்வையில வெந்தய வாசனை வந்ததுதான் மிச்சம்.

என்னை மாத்தினது ஸ்கூல்ல நடந்த ஒரு விஷயம். ஒன்பதாம் வகுப்புல ஒரு பொண்ணு, எப்பவும் அறுபதைத் தாண்டாதவ, ஒரு பரீட்சையில தொண்ணூத்தி ஆறு எடுத்திருந்தா. பேப்பரைத் தூக்கி அவ டெஸ்க் மேல வீசி, யாரைப் பார்த்து எழுதினேன்னு கத்தினேன். தலையெல்லாம் சூடு, நெத்தியிலேர்ந்து வேர்வை கண்ணுல இறங்குது, கத்துறதை என்னால நிறுத்த முடியலை. போர்டுல வேற கணக்கு போடச் சொன்னேன். அவ அழுதுக்கிட்டே போட்டா. ஒரு ஸ்டெப் தப்பில்லாம போட்டா. நான் நேரா ஸ்டாஃப் டாய்லெட்டுக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கண்ணாடியில பார்த்தா எனக்கே என்னைப் பிடிக்கலை. கேன்சர் வந்தா வரட்டும், இப்படி ஒரு ராட்சசியா இருக்க முடியாதுன்னு அன்னைக்கு சாயங்காலம் முதல் மாத்திரையைப் போட்டேன். மறுநாள் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பும் கேட்டேன்.

நம்ப மாட்டீங்க, நாலாவது வாரத்துல நான் முழுசா ஆறு மணி நேரம் தூங்கினேன். சூடு ஏறுறது ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டுன்னு குறைஞ்சுது. என் வீட்டுக்காரர் ஜோக் அடிச்சா சிரிப்பு வந்தது, அது அத்தனை அபூர்வம். இப்படி ஒரு மாத்திரையை வச்சுக்கிட்டா மூணு வாரம் வெந்தயம் குடிச்சேன்னு என்னையே திட்டிக்கிட்டேன்.

இப்போ கீழ் வீட்டு அக்காவைப் பத்திச் சொல்லணும். எங்க ஹவுஸ் ஓனர். இந்த ஊருக்காரங்க, பல தலைமுறையா இங்கேயே இருக்கிற குடும்பம். அவங்க வீட்டுக்காரர் மெயின் ரோட்டுல சிமென்ட், ஜல்லி, மணல் கடை வச்சிருக்கார். அக்காவுக்கு அம்பத்தோரு வயசு. என்னை "டீச்சரம்மா"ன்னுதான் கூப்பிடுவாங்க. நான் ஆபரேஷன் முடிஞ்சு வந்த நாள்லேர்ந்து ஒரு மாசம், தினமும் காலையில பதினோரு மணிக்கு முருங்கைக்கீரை சூப்போட மாடி ஏறி வந்தாங்க. தண்ணி கேனை அவங்களே கவிழ்த்து வச்சாங்க. துணியைக் காயப் போட்டு, மடிச்சும் வச்சாங்க. நான் என்ன நினைச்சேன்? சுவத்துல ஆணி அடிச்சிருக்கோமான்னு பார்க்க வர்றாங்கன்னு நினைச்சேன். அப்புறம், வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போறாங்க, அதுக்கு முன்னாடி பாசத்தைக் காட்டுறாங்கன்னு நினைச்சேன். சூப்பைக் குடிச்சுக்கிட்டேதான் இதையெல்லாம் நினைச்சேன்.

மே மாச லீவுல ஒரு மத்தியானம், அக்கா மாடியில வத்தல் காயப் போட்டுட்டு இறங்கும்போது எங்க வீட்டு வாசப்படியில அப்படியே உட்கார்ந்துட்டாங்க. முகமெல்லாம் சிவந்து, முந்தானையால கழுத்தை ஒத்தி ஒத்தி எடுக்கிறாங்க. வெயில்னு நினைச்சு மோர் கொடுத்தேன்.

"வெயில் இல்ல டீச்சரம்மா. எனக்கு ரெண்டு வருசமா இப்டிதான் கீது. அது நின்னதுலேர்ந்து. நெருப்பு வச்ச மாரி உள்ள எரியுது. தூங்க முடில. யாரைப் பாத்தாலும் எரிஞ்சி எரிஞ்சி வியுறேன். ஒரே பேஜாரா கீது."

டாக்டர்கிட்ட காட்டலையான்னு கேட்டேன். "இதுக்கெல்லாம் போயி இன்னான்னு சொல்றது? ஆம்பளப் பசங்களப் பெத்து வச்சிக்கினு, அவனுங்களாண்ட வண்டி எடுடா, இதுக்காக டாக்டராண்ட போவணும்னா சொல்ல முடியும்?"னு சிரிச்சாங்க. சிரிக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சு.

என் பாத்ரூம் அழுகையெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. இந்தப் பொம்பளை ரெண்டு வருஷமா இதை வச்சுக்கிட்டா எனக்கு சூப் தூக்கிட்டு வந்தாங்கன்னு மனசு உருகிப் போச்சு. உள்ளே போய் ஒரு அட்டை மாத்திரையைக் கொண்டு வந்து அவங்க கையில வச்சேன். "அக்கா, தினம் ஒண்ணு. எனக்கு என்ன மாதிரி குணமாச்சு பாருங்க. யாருக்கும் சொல்ல வேண்டாம், நானே மாசாமாசம் வாங்கித் தர்றேன்." பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை கொடுக்கிற மாதிரிதான் கொடுத்தேன். நம்ம வீடுகள்ல இது புதுசா என்ன? தலைவலி மாத்திரை, கேஸ் மாத்திரை, தைராய்டு மாத்திரை வரைக்கும் கை மாறிக்கிட்டுத்தானே இருக்கு. அக்கா ஒரு கேள்வி கேட்கலை. மிச்சம் இருந்த மோர்லயே முதல் மாத்திரையை முழுங்கினாங்க.

அன்னைக்கு எனக்கு ரொம்பப் பெருமையா இருந்தது. யாரையும் நம்பாத நான் ஒருத்தருக்கு மனசாரக் கொடுத்தேன்னு.

அடுத்த மாசம் என் சீட்டைக் காட்டி ரெண்டு அட்டை கேட்டேன். வழக்கமா வாங்குற மெடிக்கல் கடைக்காரர், அறுபது வயசு இருக்கும், கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "மாசத்துக்கு ஒண்ணுதானே மேடம் உங்களுக்கு? இன்னொண்ணு யாருக்கு? இது எல்லாருக்கும் கொடுக்கிற மாத்திரை இல்லை, கர்ப்பப்பை..."ன்னு ஆரம்பிச்சார். கடையில நாலு ஆம்பளைங்க நிக்கிறாங்க. என் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சது. "எனக்குத்தான். ஊருக்குப் போறேன், ரெண்டு மாசத்துக்கு வேணும். நீங்க என்ன டாக்டரா?"ன்னு கேட்டுட்டேன். அவர் பேசாம ஒரு அட்டையை மட்டும் எடுத்து வச்சார். இந்த ஆளுக்கு என் கர்ப்பப்பையைப் பத்தி என்ன ஆராய்ச்சின்னு திட்டிக்கிட்டே வந்தேன். அதுக்கப்புறம் அந்தக் கடைப்பக்கமே போகலை. வாயைத் திறக்காம எடுத்துக் கொடுக்கிற இன்னொரு கடை கிடைச்சது.

அக்காவுக்கும் நல்லாத்தான் கேட்டது. தூக்கம் வருதுன்னாங்க. வீட்டுக்காரரோட சண்டை குறைஞ்சிடுச்சுன்னு அவரே படிக்கட்டுல நின்னு என்கிட்ட சொன்னார். மாத்திரை விஷயம் அவருக்குத் தெரியாது.

மழைக்காலம் வந்தது. தெருவெல்லாம் முழங்கால் தண்ணி. ஒரு சனிக்கிழமை, அக்கா கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னு என்னைக் கையாட்டிக் கூப்பிட்டாங்க. முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. காதுகிட்ட வந்து, "டீச்சரம்மா, உன் மாத்திர இன்னா வேல காட்டிகீது தெரியுமா? எனக்குத் திரும்ப வந்துட்ச்சி! நாலு நாளா. வயசு திரும்புது போலகீது"ன்னாங்க. வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னாங்க.

நானும் சிரிச்சேன். ஆனா மாடி ஏறும்போது சிரிப்பு வரலை. ரெண்டரை வருஷமா நின்னது எப்படித் திரும்ப வரும்? கணக்கு உதைச்சது. எனக்கு ஏதாவது ஒண்ணு உதைச்சா அதை விடவே முடியாது. திங்கட்கிழமை, எனக்கு செக்கப்னு சொல்லிட்டு டாக்டர்கிட்ட போனேன்.

சுத்தி வளைச்சேன். தெரிஞ்சவங்க ஒருத்தங்க, அவங்களும் இதே மாத்திரை போடுறாங்க, இப்படி ஆயிருக்குன்னேன். டாக்டர் எழுதிக்கிட்டிருந்த பேனாவை மூடினாங்க.

"அவங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கா?"

இருக்குன்னேன்.

"இதே மாத்திரை மட்டுமா? கூட வேற மாத்திரை இல்லையா?"

இல்லைன்னேன். டாக்டர் ஒரு பேப்பரை எடுத்து கர்ப்பப்பை படம் போட்டாங்க. "இந்த ஹார்மோனைத் தனியா கொடுத்தா கர்ப்பப்பையோட உள் சுவர் தடிச்சுக்கிட்டே போகும். கவனிக்காம விட்டா கேன்சர்ல கொண்டு போய் விடலாம். அதனாலதான் கர்ப்பப்பை இருக்கிறவங்களுக்கு அதைத் தடுக்க இன்னொரு ஹார்மோனும் சேர்த்துத்தான் கொடுப்போம். உங்களுக்குக் கர்ப்பப்பை இல்லை, ஒண்ணு போதும். உங்க பேரு போட்டு எழுதினது உங்களுக்கு மட்டும்தான், யாருக்கும் கொடுக்காதீங்கன்னு முதல் நாளே சொன்னேனே?"

சொல்லியிருக்காங்க. தலையாட்டினேனே, அது இதுக்குத்தான். பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கிட்டே தலையாட்டியிருக்கேன். மெடிக்கல்காரர் பாதியில நிறுத்தின வார்த்தையும் இதுதான்.

"நீங்க கொடுத்தீங்களா?"ன்னு டாக்டர் கேட்டாங்க. இல்லைன்னேன். பரீட்சை ஹால்ல நான் பார்ப்பேனே ஒரு பார்வை, அதே பார்வை அவங்க என்னைப் பார்த்தாங்க. "யாரா இருந்தாலும் சரி, மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லுங்க. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. மாதவிடாய் நின்ன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் பார்த்தே ஆகணும். அது வயசு திரும்புறது இல்லை."

நாளைக்கேன்னு சொன்னாங்க. நான் எடுத்துக்கிட்டது மூணு நாள். இதை எழுதும்போது இன்னைக்கும் அவமானமா இருக்கு. அந்த மூணு நாளும் நான் யோசிச்சது அக்காவைப் பத்தி இல்லை, என்னைப் பத்தி. கடையில ஸ்டாக் இல்லைன்னு சொல்லி மாத்திரையை மட்டும் நிறுத்திட்டேன். தானா சரியாயிடும்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன். சொன்னா என்ன ஆகும்? அவங்க வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? ரெண்டு பசங்களும் மேலே வந்து கத்துவாங்களா? தெருவே கூடுமா? போலீசுக்குப் போவாங்களா? கீழே கேட் சத்தம் கேட்டாலே ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். அக்காவுக்கு விஷயம் தெரிஞ்சிடுச்சோ, தெரிஞ்சும் நடிக்கிறாங்களோன்னு அவங்க முகத்தையே கள்ளத்தனமா பார்த்துக்கிட்டு இருந்தேன்.

மூணாம் நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். அவர் கோபமே படாத மனுஷன். அன்னைக்கு எழுந்து நின்னுட்டார். "அவங்களுக்கு உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு நீ மூணு நாள் சாப்பிட்டுத் தூங்கினியா? இப்பவே கீழே போ"ன்னார். எங்க கல்யாண வாழ்க்கையில அவர் எனக்குப் போட்ட ஒரே உத்தரவு அதுதான்.

போனேன். அக்கா அடுப்படியில நின்னு மீன் குழம்பு கூட்டிக்கிட்டு இருந்தாங்க. வீட்டுல வேற யாரும் இல்லை. எல்லாத்தையும் சொன்னேன். டாக்டர் முதல் நாளே சொன்னது, நான் காதுல வாங்காதது, மெடிக்கல்காரரைத் திட்டினது, மூணு நாள் மறைச்சது, எதையும் விடலை.

அக்கா அடுப்பை அணைச்சாங்க. கையைத் துடைச்சுக்கிட்டாங்க.

"செத்துப் பூடுவனா?"

"தெரியலைக்கா. நாளைக்குக் காலையில போயிடலாம்."

"சரி. எங்க வூட்டுக்காரராண்ட சுகர் பாக்கப் போறோம்னு சொல்லிக்கிறேன். நீயும் அப்டியே சொல்லு."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டலை. மாடிக்கு வந்து உட்கார்ந்தப்போ எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? ஏன் திட்டலை, மனசுக்குள்ளே என்ன வச்சிருக்காங்கன்னு தோணிச்சு. அப்படிப்பட்ட ஜென்மம் நான்.

மறுநாள் ஸ்கேன் எடுத்தாங்க. உள் சுவர் இருக்க வேண்டிய அளவைவிடத் தடிச்சிருக்குன்னாங்க. அதுலேர்ந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் உள்ளே போனாங்க. அதுக்கு முன்னாடி டாக்டர், "யாரும்மா இந்த மாத்திரையைக் கொடுத்தது?"ன்னு கேட்டாங்க. அக்கா கொஞ்சம்கூட யோசிக்காம, "யாரும் குடுக்கல. நானேதான் மெடிக்கல்ல கேட்டு வாங்கிக்கினேன்"ன்னாங்க. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அந்த நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. "நான்தான் டாக்டர் கொடுத்தேன். உங்ககிட்டயும் பொய் சொன்னேன்"ன்னேன். டாக்டர் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. நர்ஸ் ரெண்டு பேர் முன்னாடி, "படிச்சவங்க, பாடம் சொல்லிக் கொடுக்கிறவங்க"ன்னு ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம். ஒவ்வொரு வார்த்தையும் நியாயம்.

ரிசல்ட் வர பத்து நாள் ஆச்சு. அந்தப் பத்து நாள் நான் எந்தக் கடவுளையும் பாக்கி வைக்கலை. கிளாஸ்ல தப்பான விடையை போர்டுல எழுதி, பசங்க திருத்தினாங்க. அக்கா என்னவோ எப்பவும் போல வாசல் பெருக்கினாங்க, கோலம் போட்டாங்க, பேரன் பேத்தியைக் கொஞ்சினாங்க. ஆனா ஒரு நாள், மொட்டை மாடியில துணி எடுக்கும்போது, "பெரியவனுக்கு ரெண்டாவது கொயந்த தை மாசம் பொறக்கும். அத்தப் பாத்துட்டா போதும் டீச்சரம்மா"ன்னு சொன்னாங்க. நான் பக்கெட்டை வச்சுட்டு அவங்களைக் கட்டிக்கிட்டு அழுதேன். அவங்கதான் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாங்க. கொடுமை பாருங்க, தப்பு பண்ணினவளுக்கு ஆறுதல்.

கேன்சர் இல்லைன்னு வந்தது. தடிச்சிருக்கு, அவ்வளவுதான். இன்னும் சில மாசம் இப்படியே போயிருந்தா சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாங்க. அந்த இன்னொரு ஹார்மோன் மாத்திரையைக் கொடுத்து, தவறாம வரச் சொன்னாங்க. அக்கா தை மாசம் பேத்தியைப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் எடுத்த ஸ்கேன்ல எல்லாம் சரியான அளவுக்கு வந்துடுச்சு. அந்தச் சூட்டுக்கு என்ன பண்ணலாம்னு டாக்டரே அவங்க உடம்புக்கு ஏத்த மாதிரி யோசிச்சுத் தனியா சீட்டு எழுதினாங்க. நான் என் மாத்திரையை நிறுத்தலை, அது எனக்கு எழுதினது. நான் திட்டின மெடிக்கல்காரர்கிட்ட போய் மன்னிப்பு கேட்டேன். அவர் கண்ணாடியை இறக்கி, "பரவாயில்லை மேடம், அன்னைக்கு நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும்"ன்னார்.

அந்தக் கடைசி ஸ்கேன் முடிஞ்சு ரெண்டு பேரும் ஆட்டோவுல திரும்பி வந்துக்கிட்டு இருந்தோம். மத்தியான வெயில், ரோடு தோண்டிப் போட்டிருந்ததால வண்டி நகரவே இல்லை. எத்தனையோ நாளா மனசுல அரிச்சுக்கிட்டு இருந்ததை அன்னைக்குக் கேட்டுட்டேன். "எப்படிக்கா நான் கொடுத்ததை ஒரு வார்த்தை கேட்காம முழுங்கினீங்க? என்ன மாத்திரை, எதுக்குன்னுகூடக் கேட்கலையே?"

அக்கா என்னை ஒரு மாதிரி ஆச்சரியமா பார்த்தாங்க. இதுகூடத் தெரியாதாங்கிற மாதிரி.

"இன்னா டீச்சரம்மா இப்டி கேக்குற? இந்தத் தெருவுலயே யாரையும் நம்பாத ஆளு நீதான். நான் சூப்பு எடுத்துகினு வந்தா அதையே மோந்து பாத்துட்டுத்தான் குடிப்ப, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? அப்பேர்ப்பட்ட நீயே ஒரு மாத்திரைய முழுங்கிக்கினு, எனக்கும் எடுத்தாந்து குடுக்கிறன்னா, அத அக்குவேறு ஆணிவேறா பாக்காமயா குடுத்திருப்ப? அதுக்கு மேல நான் இன்னாத்தக் கேக்கறது?"

ஆட்டோ நகர்ந்தது. டாக்டரோட பேனாவைச் சந்தேகப்பட்டேன், கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன், கட்டின புருஷனைச் சந்தேகப்பட்டேன், சூப் கொண்டு வந்த கையைச் சந்தேகப்பட்டேன். கொடுக்க நீட்டின என் கையை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்கலை. அக்கா இப்பவும் எதுக்கெடுத்தாலும் "டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு தெருவுல சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. அதைக் கேட்கும்போதெல்லாம் நான் இன்னைக்கும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வேகமா மாடி ஏறிடறேன்.